முன்னேற்ற முகமையின் வண்டி பின்னால் போகாது

முன்னேற்றம் என்றால் முன்னால் போவது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆகவே, கடலோர முன்னேற்ற முகமை என்று ஓர் அலுவலகத்தை ராமநாதபுரத்தில் தொடங்கியபோது, அதன் இயக்குநர் முன்னால் போவதற்கு ஒரு வண்டியும் வாங்கித் தரப்பட்டது.

வண்டி என்றால் சாதாரண வண்டி இல்லை. கூரையில் திறந்து மூடும் கண்ணாடிச் சாளரம் இருந்தது. காலால் மிதிக்கும் கிளச்சு கிடையாது. ஆனால் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கிளச்சு ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. அந்த ஆண்டு அந்தப் பக்கத்தில் அதுதான் மோஸ்தர். யார் வீட்டுக்குப் போனாலும் "உங்க வண்டியில எத்தனை கிளச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் காப்பி கொடுத்தார்கள். ஒற்றைக் கிளச்சுக்காரர்களுக்குச் சர்க்கரை குறைத்துப் போட்டார்கள் என்று சொல்பவர்களும் உண்டு.

அந்த வண்டி ஒரு வியாழக்கிழமை காலை, புதுமடத்தில் ஹமீதா பானுவின் வீட்டு வாசலில் மூக்கை இடித்துக்கொள்ளாத குறையாக வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் ஹாஃபிஸாவுக்கு நிக்காஹ்.

ஹமீதா பானுவின் வீட்டுக்குப் போகும் சந்து, பெரிய தெருவில் அகலமாகத் தொடங்கி, போகப் போக மனம் மாறி, வாசல் வந்ததும் தீர்ந்துபோகும். இருபுறமும் மதில். வீட்டை ஒட்டி ஒரு சின்ன முற்றம். வீட்டுக்குப் பின்னால் கொல்லை, கொல்லைக்குப் பின்னால் கடல். முற்றத்தில் பந்தல்காரர்களோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஹமீதா பானு திரும்பிப் பார்த்தபோது, மதிலுக்கும் மதிலுக்கும் நடுவில் வெள்ளை வண்டி ஒன்று புட்டியில் அடித்த தக்கை மாதிரி இறுகியிருந்தது.

"யாருப்பா அது, கல்யாண வீட்டுக்குள்ள வண்டியை விடுறது?"

கதவைத் திறக்க இடமில்லை. கூரைச் சாளரம் திறந்தது. முதலில் ஒரு தலை வந்தது. அடுத்து, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை வந்தது. பிறகு இயக்குநர் மாரீஸ்வரன் முழுதாக வெளியே வந்து, கண்ணாடியில் உட்கார்ந்து, பானெட்டில் சறுக்கி, பதவிக்குரிய கம்பீரத்தோடு தரையில் நின்றார்.

"இது என்ன இடம்?" என்று கேட்டார்.

"என் வீடு."

"இங்கே எங்கள் கடற்கரை இணைப்புச் சாலை அல்லவா இருக்க வேண்டும்?" கைப்பேசியில் முகமையின் வரைபடத்தைக் காட்டினார். அதில் சந்து நேராகப் போய், ஹமீதா பானுவின் கூடத்தைக் கடந்து, அடுப்படி வழியாகக் கடலோரத்தை அடைந்தது. பக்கத்தில் 'பணி நிறைவுற்றது' என்று பச்சை எழுத்து.

"சாலை இங்கனன்னா, என் வீடு எங்கன சார்?"

"அதைத்தான் அம்மா நானும் கேட்கிறேன்."

கடலோரத்தில் கருவாடு காயவைக்கும் மேடை ஒன்றை அவர் திறந்துவைக்க வேண்டியிருந்தது. டிரைவர் பாண்டீஸ்வரன் ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் நீட்டினார்.

"நான் அங்கனயே சொன்னேன் சார். பின்னால எடுத்து, பெரிய தெரு வழியாப் போயிருவோம்."

சொன்னதோடு நிற்காமல் ரிவர்ஸ் கியரைப் போட்டு ஒரு முழம் பின்னால் எடுத்தும் விட்டார். மாரீஸ்வரன் கையை உயர்த்தினார்.

"எங்கே போகிறீர்கள்?"

"பின்னால சார்."

"திறப்பு விழாவுக்கு வந்த முன்னேற்ற முகமையின் வண்டி, விழா நடக்குமுன் பின்னால் போகிறதா? முன்னால் வாருங்கள். கொஞ்சம் இடது பக்கம் ஒடித்துப் பார்க்கலாம்."

பாண்டீஸ்வரன் முன்னால் வந்தார். இடது பக்கம் மதில் இருந்தது. பின்னால் போனார். "எங்கே போகிறீர்கள்?" முன்னால் வந்தார். வலது பக்கமும் மதில் இருந்தது. இப்படியே மணலில் முன்னும் பின்னும் உதைத்ததில் வண்டிக்குக் குளிர்சுரம் கண்டதுபோல் உதறல் எடுத்தது. கருகல் வாடை வந்தது. ஹமீதா பானு பாலை நினைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். பால் பத்திரமாக இருந்தது. திரும்பி வந்தபோது வண்டியின் திரையில் ஆங்கிலத்தில் என்னவோ சிவப்பாக மின்னியது. பாண்டீஸ்வரன் ரிவர்ஸ் போட்டால் இஞ்சின் உறுமியதே தவிர வண்டி அசையவில்லை.

இரண்டு கிளச்சு என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. உச்சிப்புளியில் ஒரு பரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு மாஸ்டர்கள். ஒருவர் கல்லில் கிடப்பதை எடுக்கும்போதே மற்றவர் அடுத்ததை வீசித் தயாராக வைத்திருப்பார். சாப்பிடுகிறவருக்குக் காத்திருக்கும் வேலையே இல்லை. இந்த வண்டியிலும் அதே ஏற்பாடுதான். ஒரு கிளச்சு ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படைக் கியர்களைப் பார்த்துக்கொள்ளும். மற்றது இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டைப்படைக் கியர்களைப் பார்த்துக்கொள்ளும். ரிவர்ஸ் கியரும் இந்த இரண்டாம் மாஸ்டரின் பொறுப்பில்தான் இருந்தது. மணலில் பட்ட பாட்டில் அந்த இரண்டாம் மாஸ்டர் சூடாகி, கோபித்துக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"அப்ப வண்டி முன்னால போகும், பின்னால போகாது. அப்படித்தானே?" என்று கேட்டாள் ஹமீதா பானு.

"ஆமாக்கா."

"முன்னால என் வீடுல்ல இருக்கு?"

"ஆமாக்கா."

அதற்குள் பக்கத்து வீட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். வள்ளத்தைக் கரையேற்றிப் பழகிய கைகள். "ஏலே, நியூட்ரல்ல போடு. நாலு பேரு முட்டுக் கொடுத்தா வண்டி தெருவுல போய் நிக்கும்" என்று பானெட்டில் கை வைத்தார்கள். ஹமீதா பானுவுக்கு உயிர் வந்தது.

"நிறுத்துங்கள்!" என்றார் மாரீஸ்வரன். "என்ன செய்கிறீர்கள்?"

"வண்டியைப் பின்னுக்குத் தள்ளுறோம் சார்."

மாரீஸ்வரனின் முகம் வெளுத்தது. சென்ற ஆண்டு அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு அவருக்கு இளையவர் ஒருவருக்குப் போனது. அன்று அலுவலகம் முழுவதும் ஒரே பேச்சுதான்: மாரீஸ்வரன் பின்னுக்குத் தள்ளப்பட்டார். போதாததற்கு மதில்மேல் உட்கார்ந்து யாரோ கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"'முன்னேற்ற முகமை பொதுமக்களால் பின்னுக்குத் தள்ளப்பட்டது!' நாளைக்கு ஊரெல்லாம் இதுதான் செய்தியாக இருக்கும். நான் உயிரோடு இருக்கும்வரை இந்த வண்டி பின்னுக்குத் தள்ளப்படாது" என்று அறிவித்தார்.

"இழுக்கலாமா சார்?" என்று பாண்டீஸ்வரன் கேட்டார். "கம்பெனிக்குப் போன் போட்டேன். மீட்பு வண்டி அனுப்புறாங்களாம். பின்னால கொக்கி போட்டு…"

"பாண்டீஸ்வரன், என்னைப் பின்னாலிருந்து இழுக்கிறவர்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே போதுமான அளவில் இருக்கிறார்கள்."

மதியத்துக்குள் அலுவலகம் வந்து சேர்ந்தது. இயக்குநர் இருக்கும் இடம்தானே அலுவலகம்? கல்யாணப் பந்தல் முகாம் அலுவலகமாயிற்று. மாப்பிள்ளை வீட்டாருக்காக வாடகைக்கு எடுத்த நாற்காலிகளில் முகமை அமர்ந்தது. வந்தவர்களுக்கு ஹமீதா பானு தேநீர் கொடுத்தாள். வாசலுக்கு வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது. அதுவே தப்பாகப் போயிற்று. தேநீர் நன்றாக இருந்ததால் அலுவலகம் மறுநாளும் வந்தது.

'குறை கண்டறியும் குழு' ஒன்று அமைக்கப்பட்டது. குறை கண்டறிவதில் முகமைக்கு நீண்ட அனுபவம் உண்டு. மாலைக்குள் குழு ஏராளமான குறைகளைக் கண்டறிந்தது. டிரைவர் சட்டையில் மேல் பொத்தான் இல்லை. சந்து வளைந்திருக்கிறது. வாசற்படி தேவைக்கு மேல் உயரம். தேநீரில் இஞ்சி அதிகம். வண்டியில் மட்டும் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"திரையில என்னவோ எழுதியிருக்கே, அதைப் படிக்கக் கூடாதா?" என்று ஹமீதா பானு கேட்டாள்.

எந்த ஆங்கிலத்தையும் தமிழாக்கம் செய்த பிறகே படிப்பது முகமையின் கொள்கை. கண்காணிப்பாளர் அமுதவள்ளி கூரைச் சாளரம் வழியாக உள்ளே இறங்கி, அகராதியோடு நெடுநேரம் இருந்து, மொழிபெயர்ப்போடு மேலே வந்தார்.

"'டிரான்ஸ்மிஷன் அதிகச் சூடு' என்று இருக்கிறது. டிரான்ஸ்மிஷன் என்றால் ஒலிபரப்பு. ஆகவே, 'ஒலிபரப்பு அளவுக்கு மீறிச் சூடாக உள்ளது.'"

"அம்மா, அது கியர் பெட்டிம்மா" என்றார் பாண்டீஸ்வரன்.

"அகராதியில் கியர் பெட்டி என்று இல்லை. வண்டியில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததா இல்லையா?"

"ஓடிச்சு. ஆனா…"

"என்ன ஓடிக்கொண்டிருந்தது?"

"பட்டிமன்றம்."

"சூடாகாமல் என்ன செய்யும்?" என்றார் அமுதவள்ளி.

ரேடியோ பழுது பார்ப்பவர் ஒருவர் ராமநாதபுரத்திலிருந்து வரவழைக்கப்பட்டார். அவர் ரேடியோவைக் கழற்றிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, கழற்றிய ரேடியோவோடு போய்விட்டார். பழுதில் ஒரு பாதி சரிசெய்யப்பட்டதாகக் குழு பதிவு செய்தது.

மறு பாதிக்குப் பொறுப்புகள் பிரிக்கப்பட்டன. ஒற்றைப்படைக் கியர்கள் அமுதவள்ளியின் பிரிவுக்கு. இரட்டைப்படைக் கியர்கள் இன்னொரு கண்காணிப்பாளரான கூத்தையாவின் பிரிவுக்கு. கூத்தையா ஓய்வு பெறும் நிலையில் இருந்தவர். எந்த வேலையையும் அருகில் வரவிடாமல் இவ்வளவு தூரம் வந்தவர்.

"என் கியர்கள் நன்றாக இருக்கின்றன" என்றார் அமுதவள்ளி. "பழுது இரட்டைப்படையில்."

"ரிவர்ஸ் இரட்டைப்படையா?" என்று கேட்டார் கூத்தையா. "அதன் எண் என்ன?"

"எண் இல்லைங்கய்யா. வெறும் 'ஆர்' எழுத்துதான்" என்றார் பாண்டீஸ்வரன்.

"எண் இல்லாத கியரை எந்தப் பிரிவும் ஏற்க இயலாது." கூத்தையா தேநீரை உறிஞ்சினார். பிறகு அவருக்கு முகம் மலர்ந்தது. "அது கிடக்கட்டும். பின்னால் செல்வதற்கு நல்ல தமிழ் என்ன? பின்னடைவு. நம் வண்டியில் இப்போது பின்னடைவு இல்லை. இதில் பழுது எங்கே இருக்கிறது? இது சாதனை அல்லவா?"

மாரீஸ்வரன் மெல்ல எழுந்து கூத்தையாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலையே சென்னைக்குச் செய்தி போனது: கடலோர முன்னேற்ற முகமையில் பின்னடைவு முற்றிலும் நீங்கியது. வெள்ளிக்கிழமை காலை சென்னையிலிருந்து பாராட்டு வந்தது. மற்ற மாவட்டங்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்றும் அதில் இருந்தது. இனி வண்டியைச் சரிசெய்தால் முகமைக்கு மீண்டும் பின்னடைவு ஏற்பட்டுவிடும். எனவே பழுது நீக்கும் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையிலிருந்து திரும்பிய ஹமீதா பானுவின் கணவர் ஹாஜா முகைதீன், வண்டியைச் சுற்றிவர வழியில்லாமல் கடற்கரை வழியாகக் கொல்லைக்குள் வந்தார். மகள் கல்யாணத்துக்காகச் சவூதியின் தம்மாமிலிருந்து விடுப்பில் வந்திருந்தவர்; பேச்சைச் சிக்கனமாகப் பயன்படுத்துபவர்.

"ஹமீதா, அரிசியும் ஆட்டுக்கறியும் கொல்லை வழியாத்தானே வருது. மாப்பிள்ளையும் அப்படியே வந்துட்டா என்ன?"

"மச்சான், உங்களுக்கு வெயில் தலைக்கேறிருச்சா? கீழக்கரையிலருந்து அவ்வளவு பேரு வாராங்க. மருமகன் கொல்லைப் பக்கமா, கோழிக்கூட்டைத் தாண்டி வாரதா? அவரென்ன கருவாடு விலை கேக்கவா வாராரு? என் புள்ளைக்கு மாப்பிள்ளை முன்வாசல் வழியாத்தான் வருவாரு."

ஹாஜா முகைதீன் தன் பங்குக்குப் பேசியாயிற்று. உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை பிற்பகல் முகமை ஒரு முடிவுக்கு வந்தது. மாரீஸ்வரன் அதை அன்போடு தெரிவித்தார்.

"அம்மா, உங்களுக்கு நல்ல செய்தி. நாளைக் காலை வண்டி புறப்படுகிறது."

"அல்ஹம்துலில்லாஹ்! எந்தப் பக்கம்?"

"முன்பக்கம். வரைபடப்படி சாலை உங்கள் கூடத்தில் போகிறது. கூடத்துச் சுவர் இரண்டு, அடுப்படிச் சுவர் ஒன்று. அவ்வளவுதான். ஆட்கள் காலையில் கடப்பாரையோடு வந்துவிடுவார்கள். நிக்காஹ்வுக்கு எந்தத் தடையும் இல்லை. வண்டி கடக்கும்போது மட்டும் மணமகள் சற்று ஒதுங்கி நின்றால் போதும்."

ஹமீதா பானு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். கத்தலாம். கத்தி என்ன பயன்? இந்த மூன்று நாளில் அவள் ஒன்றைத் தெரிந்துகொண்டிருந்தாள். இவர்கள் காதில் வீடு, கல்யாணம், சுவர் எதுவும் ஏறாது. முன், பின் என்ற இரண்டு சொற்கள் மட்டும்தான் ஏறும். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு தேநீரை எடுத்துக்கொண்டு அவர் அருகில் போனாள்.

"சார், ஒரு சந்தேகம். வண்டிக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு யாரு முடிவு பண்றது?"

"வண்டி செய்த கம்பெனி."

"கம்பெனி பெருசா, முகமை பெருசா?"

மாரீஸ்வரன் தேநீரைக் கீழே வைத்தார்.

"இப்பப் பின்பக்கம்னு இருக்கே, அதுதான் முன்பக்கம்னு நீங்க ஒரு ஆணை போட்டா, அதுக்கு மேல யாராவது பேச முடியுமா? அப்புறம் வண்டி தெருப் பக்கம் போனாலும் முன்னேற்றந்தானே?"

"தள்ளினால்?"

"முன்னுக்குத் தள்ளுனதா ஆகும். ஊரே கூடி முகமையை முன்னுக்குத் தள்ளுச்சுன்னு பேரு."

கூத்தையா எழுந்து நின்றார். தன் பணிக்காலத்தில் இப்படி ஒரு யோசனை தனக்கு வரவில்லையே என்ற ஏக்கம் அவர் கண்ணில் தெரிந்தது.

ஆணை அங்கேயே தயாரிக்கப்பட்டது. 'பொதுநலன் கருதி, மேற்படி வாகனத்தின் பின்பக்கம் எனத் தவறாகக் கருதப்பட்டு வந்த பகுதி, இனி அனைத்து நோக்கங்களுக்கும் முன்பக்கம் என அறியப்படும்' என்று தொடங்கியது. ஐயங்கள் ஒவ்வொன்றாகத் தீர்க்கப்பட்டன.

"சிவப்பு விளக்குகள்?" என்றார் அமுதவள்ளி.

"முன்விளக்குகள். சற்றுக் கோபமானவை" என்றார் கூத்தையா.

"சார், ஸ்டீயரிங்கு?" என்று பாண்டீஸ்வரன் கேட்டார்.

"அது இனிப் பின்னிருக்கையில் இருக்கும்."

"அப்ப நான் பின் சீட்டுலருந்து ஓட்டுறேனா?"

"ஆம். அதிகாரி முன்னாலும் ஓட்டுநர் பின்னாலும் அமர்வதுதான் முறை. இத்தனை நாள் நீங்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததை நான் பெரிதுபடுத்தவில்லை."

நியூட்ரல் போடுவதற்குத் தமிழில் 'நடுநிலை வகித்தல்' என்று அமுதவள்ளி எழுதினார். நடுநிலை வகிப்பதில் முகமையில் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியின் புதிய முன்பக்கத்துக்குப் பெரிய மாலை ஒன்று போடப்பட்டது. மாரீஸ்வரன் கூரைச் சாளரத்தில் இடுப்பு வரை நின்று, தெருவைப் பார்த்துக் கும்பிட்டபடி இருந்தார். பாண்டீஸ்வரன் அவருக்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்து ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். ஊர் ஆட்கள் முட்டுக் கொடுத்தார்கள். "ஏலே, முன்னுக்குத் தள்ளு!" என்று ஒருவர் குரல் கொடுத்தார். "முன்னுக்கு! முன்னுக்கு!" என்று மற்றவர்கள் பின்னுக்குத் தள்ளினார்கள். வண்டி அசைந்தது. சின்னப் பிள்ளைகள் மதில்மேல் ஓடிக்கொண்டே கை தட்டினார்கள். விலாவெல்லாம் சுண்ணாம்பு அப்பிக்கொண்டு வண்டி சந்தில் நகர்ந்தது. தள்ளுகிறவர்களுக்குப் பின்னால், பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிப்பு தாங்காமல் ஹமீதா பானு நடந்தாள். அவள் கூடம் பிழைத்தது. அடுப்படி பிழைத்தது. இத்தனை பெரிய அலுவலகத்தை ஒரு தேநீரில் திருப்பிவிட்டாள்.

சந்தின் வாய் வந்தது. வண்டி நின்றது.

எதிரே இன்னொரு வெள்ளை வண்டி, சந்துக்குள் மூக்கை நுழைத்திருந்தது. அதற்கும் கூரைச் சாளரம். அதற்கும் இரண்டு கிளச்சு. முன்பக்கம் முழுக்க மல்லிகையும் ரோஜாவும். மாப்பிள்ளை முஸ்அபின் வாப்பா வாவு முகம்மது கல்யாணத்துக்கென்றே சொல்லிவைத்து எடுத்த வண்டி. அவர் அத்தர் மணக்க இறங்கி நின்றார்.

"சம்மந்தி, இதென்ன ஊர்வலம்? மாப்பிள்ளை வண்டிக்கு வழி விடச் சொல்லுங்க."

"முகமை பின்வாங்காது" என்றார் மாரீஸ்வரன், மேலிருந்து. பின்வாங்குவது என்றால் இப்போது ஹமீதா பானுவின் வீட்டுக்குத் திரும்பிப் போவது.

"அய்யோ வேணாம்!" ஹமீதா பானு வண்டிக் கூரைக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

"அய்யா, உங்க வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுத்தா நாங்க வெளியே வந்துருவோம். ஒரு நிமிச வேலை" என்று பாண்டீஸ்வரன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வாவு முகம்மதுவின் தாடி சிலிர்த்தது. "பின்னாலயா? பொண்ணு வீட்டைப் பார்த்துத் திரும்புன மாப்பிள்ளை வண்டியைப் பின்னால எடுக்கிறதா? கீழக்கரையில கேட்டா என்ன சொல்லுவாங்க? வந்தவன் வாசல்லருந்து திரும்பிட்டான்னு சொல்ல மாட்டாங்க?"

"அதானே!" என்றாள் ஹமீதா பானு. "மாப்பிள்ளை வண்டி ஒரு அடி பின்னால போகக் கூடாது. நல்ல காரியம் நடக்கையில பின்வாங்குனா என் புள்ளைக்கு ஆகுமா?"

பாண்டீஸ்வரன் ஜன்னலில் தலையை நீட்டி எதிரே நின்ற அவளைப் பார்த்தார்.

"அக்கா, நீங்களுமா?"

"நீ சும்மா இருய்யா. அது ஆபீசு. இது கல்யாணம்."

மாரீஸ்வரன் கனிவோடு தலையசைத்தார். ஒரு பண்பட்ட மனம் இன்னொரு பண்பட்ட மனத்தைப் புரிந்துகொள்ளும் விதத்தில், "வேண்டுமானால் உங்கள் வண்டிக்கும் ஓர் ஆணை போட்டுத் தரலாம். பின்பக்கமே முன்பக்கம்" என்றார்.

"பூவெல்லாம் இந்தப் பக்கம்ல கட்டியிருக்கு?" என்றார் வாவு முகம்மது.

"தனியார் வாகனம் நம் அதிகார வரம்பில் வராது" என்றார் அமுதவள்ளி.

"மணம் முடியும்வரை அதை முகமையின் தற்காலிக வாகனமாகக் கொள்ளலாம்" என்றார் கூத்தையா.

"அப்ப மாப்பிள்ளை தற்காலிக ஊழியரா ஆயிருவாரா?" வாவு முகம்மது பதறினார். "எங்க பையன் கத்தாருல நிரந்தர வேலையில இருக்கான்."

"பூவை மட்டும் அந்தப் பக்கம் மாத்திக் கட்டுனா?" என்று ஹமீதா பானு கேட்டாள்.

"பூவை இடமாற்றம் செய்ய மாப்பிள்ளை வீட்டாரின் தடையின்மைச் சான்று வேண்டும்" என்றார் அமுதவள்ளி.

பெரிய தெருவில் நாற்காலிகள் போடப்பட்டன. வண்டிக்கு அடியில் தவழ்ந்து ஹமீதா பானுவும் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தாள்; அவளுக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. முன் என்பது முகம் பார்க்கும் திசையா, போகும் திசையா என்ற கேள்வி எழுந்தது. மாப்பிள்ளையின் முகம் எந்தப் பக்கம் என்பதே முக்கியம் என்றார் கூத்தையா. மாப்பிள்ளையைத் திருப்பி உட்காரவைத்தால் போதுமா என்று வாவு முகம்மது கேட்டார். திரும்பி உட்கார்ந்து வருவது மரியாதையாகுமா என்றாள் ஹமீதா பானு. ஒவ்வொருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் நேரம் ஆயிற்று. வெயில் ஏறியது. அமுதவள்ளி ஆணையின் மூன்றாம் வரைவை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஹாஜா முகைதீன் கடற்கரைப் பக்கமாகச் சுற்றி, ஒரு தட்டில் பேரீச்சம்பழமும் கற்கண்டும் வைத்துக்கொண்டு வந்தார்.

"எடுத்துக்கங்க. நிக்காஹ் முடிஞ்சிருச்சு" என்றார்.

"யாருக்கு?" என்று கேட்டாள் ஹமீதா பானு.

"நம்ம புள்ளைக்கு."

எல்லாரும் மாப்பிள்ளை வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் டிரைவர் மட்டும் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை எப்பவோ இறங்கி நடந்து வந்துட்டாரு. நிக்காஹ் ஓதுற ஹஜ்ரத்தும் அவரு கூடவே வந்துட்டாரு. சாட்சிக்கு ஆளு இருந்துச்சு. உங்களைக் கூப்பிட ரெண்டு தடவை ஆள் விட்டேன். முக்கியமான பேச்சு நடக்குது, தொந்தரவு பண்ணாதேன்னு நீதான் திருப்பி அனுப்புனியாம்."

ஹமீதா பானுவின் வாய் திறந்தபடி இருந்தது. எந்த நாளுக்காக மூன்று நாளாகச் சண்டை போட்டாளோ, அந்த நாள் அவள் இல்லாமலே நடந்து, முடிந்து, பந்தலில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று முட்டியது.

"மச்சான், மாப்பிள்ளை எந்த வாசல் வழியா வந்தாரு?"

"கொல்லை வாசல் வழியா."

வாவு முகம்மது நாற்காலியில் சாய்ந்தார். பேரீச்சம்பழம் எடுக்கப்போன கைகள் அப்படியே நின்றன.

மாரீஸ்வரன் கூரைச் சாளரத்திலிருந்து தொண்டையைச் செருமினார்.

"வருத்தப்படாதீர்கள் அம்மா. கொல்லை வாசலே முன்வாசல் என்று அறிவித்துவிடலாம். நேற்றிலிருந்தே அப்படித்தான் என்று, முன்தேதியிட்டு."

ஹமீதா பானு சம்மந்தியைப் பார்த்தாள். சம்மந்தி அவளைப் பார்த்து, மெல்லத் தலையை ஆட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் நாற்காலியை அமுதவள்ளியின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சீக்கிரம் எழுதுங்கம்மா. கீழக்கரைக்காரங்க சாப்பிட்டுக் கை கழுவுறதுக்குள்ள வேணும்."